பார்வையாளர் எண் ஒன்றும் வால்வுச் சாவியும்

ஏற்காட்டுக்குக் கோடையில் வருகிறவர்கள் படகில் ஏறுவார்கள். மழையில் வருகிறவர்கள் மூடுபனியைப் படம் பிடிப்பார்கள். சிந்திப்பதற்கென்றே மலை ஏறி வந்தவர்களை நான் ஒரு தை மாதத்துச் சனிக்கிழமையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அவர்கள் பெயர் சமூகச் சிந்தனை உயராய்வு மையம். எங்கள் எஸ்டேட் முதலாளியின் மேட்டு பங்களாவை மூன்று நாளைக்கு எடுத்திருந்தார்கள். வாசலில் கட்டியிருந்த துணியில், 'அறிவியல் புனைவுத் திரைப்படங்கள்: ஒரு சமூகவியல் பார்வை' என்று எழுதியிருந்தது. நான் அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

கொட்டச்சேட்டுக்கு மேலே இருக்கிற அந்த எஸ்டேட்டில் எனக்குப் பல்பர் கொட்டகையில் வேலை. காப்பிப் பழத்தின் தோலை மெஷின் உரித்துத் தள்ளும். உரித்த கொட்டையைத் தொட்டியில் ஊற விட வேண்டும். அதன்மேல் ஒரு கொழகொழப்பு இருக்கும். ஒரு பகல், ஒரு ராத்திரியில் அது தானாக விட்டுவிடும். விட்டுவிட்டதா என்று சொல்ல எந்த மெஷினும் கிடையாது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் கசக்க வேண்டும். வழுக்கினால் இன்னும் நேரம் இருக்கிறது. ஈர ஜல்லி மாதிரி கறகறத்தால் உடனே தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். சில மணி நேரம் தாமதித்தாலும் தொட்டி புளித்துவிடும். புளித்த காப்பியை வாங்குகிறவன் எந்த ஊரிலும் இல்லை.

முந்தின வருஷம் நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒரு தொட்டி புளித்தது. முதலாளி சேலத்திலிருந்து வந்து மோந்து பார்த்தார். "இன்னொரு தொட்டி போச்சுன்னா கொட்டகைய மூடிட்டு, பழத்தை அப்படியே காய வெச்சு வித்துருவேன்" என்று சொல்லிவிட்டுக் கார் ஏறினார். மூடினால் ஏழு பேருக்கு வேலை இல்லை. அந்த ஏழில் நான் ஒருவன், என் சம்சாரம் மாதம்மாள் ஒருத்தி. குடியிருக்கிற லைன் வீடும் வேலையோடு சேர்ந்ததுதான்.

அந்தச் சனிக்கிழமை தொட்டி நிறையச் சரக்கு இருந்தது. மத்தியானத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கறகறக்கும். காலை ஒன்பது மணிக்கு எஸ்டேட் கணக்கெழுதுகிற ரைட்டர் சின்னராஜ் வந்தார்.

"செங்கோடா, மேட்டு பங்களாவுக்கு ஒரு ஆள் வேணுமாமா. சும்மா உக்காந்து சினிமா பாக்கோணும், அவ்ளோதான்."

"எளவட்டப் பசங்க யாரையாச்சும் அனுப்புங்க ரைட்டரே. எனக்குத் தொட்டி இருக்குதுங்க."

"அவங்க கேட்டது சினிமாவே பாக்காத ஆளு. இந்த மலையில உன்னைய உட்டா யாரு இருக்கறா? ஒரு மணி நேரம். முதலாளிக்கு வேண்டியவங்க, சொன்னபடி நடந்துக்க."

போனேன். வால்வுச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். நான் செய்த தப்பு அதுதான். ஊற்றுத் தண்ணீரைத் தொட்டிக்குத் திறந்துவிடுகிற வால்வுக்கு அந்த ஒரு சாவிதான் உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் வால்வைத் திறந்து கார் கழுவ ஆரம்பித்ததிலிருந்து சாவி என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. தூங்கும்போதும் அங்கேதான். பழக்கத்தில், இருப்பதே ஞாபகம் இருக்காது.

பங்களா வாசலில் ஸ்டெஃபி என்கிற ஆராய்ச்சி மாணவி பதினான்கு பக்கத் தாள்கட்டை நீட்டியது. "ஒப்புதல் படிவம் ஐயா. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. கைநாட்டுன்னாலும் சரி."

நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவனுக்கு ஒரு பலவீனம் உண்டு. கையெழுத்துப் போடச் சொன்னால் மறுக்க மாட்டான். கைநாட்டு என்று கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விரல் வைத்து முதல் பக்கத்தைப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் பாதி படித்தேன். பின்னால் நாலு பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். வெட்கமாக இருந்தது. பதினான்கு பக்கத்திலும் 'மா. செங்கோடன்' என்று அழகாகப் போட்டுக் கொடுத்தேன். என் சட்டையில் ஓர் அட்டையைக் குத்தினார்கள். 'பார்வையாளர் எண் 1' என்று இருந்தது. எண் இரண்டு யாரென்று தேடினேன். யாரும் இல்லை. மற்ற எண்பது பேரும் அறிஞர்கள்.

பிறகு என் செல்போன், பீடிக்கட்டு, வால்வுச் சாவி எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு அரக்கு வைத்து முத்திரை இட்டார்கள். பை இரும்பு அலமாரிக்குள் போனது. "பார்வையாளரின் உடைமைகளும் தரவுதான்" என்றது ஸ்டெஃபி. ஒரு மணி நேரம்தானே என்று இருந்துவிட்டேன்.

மையத்தின் இயக்குநர் பேராசிரியர் ஸ்தனிஸ்லாஸ் மேடை ஏறினார். கோட் போட்டிருந்தார். கதவைப் பூட்டிச் சாவியைக் கோட் பைக்குள் போட்டுக்கொண்டு பேசினார்.

"அறிஞர்களே! சமூகம் என்பது ஓர் உடல். ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு செயல் உண்டு. அறிவியல் புனைவுத் திரைப்படம் அந்த உடலின் கனவு. அந்தக் கனவை எளிய மனிதன் எப்படிக் காண்கிறான் என்று எளிய மனிதனிடமே நாம் கேட்கப்போகிறோம். இருபது ஆண்டுகளாக எளிய மனிதனைப் பற்றி எழுதுகிறேன். இன்றுதான் ஒருவரை நேரில் பார்க்கிறேன். மகிழ்ச்சி."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

முதல் படத்தில் ஒரு விண்கலம் போய்க்கொண்டே இருந்தது. மேல்தட்டில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் நட்சத்திரத்தைப் பார்த்தபடி பேசினார்கள். அடித்தட்டில் நூறு பேர் முகம் தெரியாத இருட்டில் இயந்திரத்துக்கு எதையோ வாரிப் போட்டார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கதவும் இல்லை. இரண்டே கால் மணி நேரம் ஓடியது. விளக்கு எரிந்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டாகப் போகிறது. எழுந்து நின்றேன்.

"அசையாதீர்கள்!" என்றார் ஸ்தனிஸ்லாஸ். என்னை அல்ல, மற்றவர்களை. "பார்வையாளர் எழுந்து நிற்கிறார். குறித்துக்கொள்ளுங்கள்."

எண்பது பேனாக்கள் ஓடின.

பேராசிரியர் சசிரேகா என்கிற அம்மா வேகமாக எழுந்தார். அவருக்கும் ஸ்தனிஸ்லாஸுக்கும் ஆகாது என்பது பார்த்தாலே தெரிந்தது. "இது எதிர்ப்பு! திரையில் அடித்தட்டு உழைப்பாளியைக் கண்டதும் இவருக்குள் வர்க்க உணர்வு விழித்துவிட்டது. சமூகம் உடல் அல்ல இயக்குநரே, அது ஒரு சண்டை. இந்த மனிதர் சண்டைக்கு எழுந்து நிற்கிறார்."

"மன்னிக்க வேண்டும். இவர் இரண்டரை மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறார். இது சிறுநீர். உடலின் இயல்பான செயல்."

"அடக்கப்பட்டவனின் கோபத்தைச் சிறுநீர் என்கிறீர்களா?"

நான் சொன்னேன்: "ஏனுங்க, ரெண்டும் இல்லீங்க. தொட்டிக்கு நேரமாச்சுங்க."

"அவர் பேசுகிறார்!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். ஒலிவாங்கியை என் வாய்க்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கண்டதும் கூசிப்போய் உட்கார்ந்துவிட்டேன். அந்த உட்காருதல் சரணாகதியா, உத்தியா என்று முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். அதற்கிடையே உண்மையிலேயே எனக்குச் சிறுநீர் வந்துவிட்டது. ஆனால் இனி எழுந்தால் இன்னொரு முக்கால் மணி நேரம் போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு இடைவேளை அரை மணி. கதவு திறக்கவில்லை, பொட்டலம் உள்ளேயே வந்தது. ஸ்டெஃபியைத் தனியாகப் பிடித்தேன்.

"கண்ணு, நான் போவோணும் சாமி. இல்லாட்டி அந்தச் சாவிய மட்டுமாச்சும் எம்பட ஊட்டுக்காரிகிட்டக் குடுத்துருங்க. ஏழு பேரு பொழப்பு."

அது நல்ல பிள்ளை. முகம் வாடிவிட்டது. படிவத்தைப் புரட்டியது. "எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம் ஐயா, பதினொன்னாம் பக்கத்துல இருக்கு. நன்னெறிக் குழு கூடி ஒருமனதா சம்மதிக்கணும். பையைத் திறக்கவும் அதேதான். குழுவுல மூணு பேர். இயக்குநர், சசிரேகா மேடம், அப்புறம் உள்ளூர் மக்கள் பிரதிநிதி."

"அவரு யாருங்க? நான் போயி கையில கால்ல உழுந்து கூட்டியாறேன்."

ஸ்டெஃபி தாளைத் திருப்பிக் காட்டியது. மூன்றாவது பெயர் மா. செங்கோடன். பக்கத்தில் என் கையெழுத்து, நல்ல தெளிவாக.

"அப்பறம் என்ன கண்ணு, நான் சம்மதிச்சுட்டேன்."

"தன் சொந்த விஷயம் வரும்போது உறுப்பினர் கூட்டத்துல உக்காரக் கூடாது ஐயா. பன்னிரண்டாம் பக்கம். உக்காரலைன்னா மூணு பேர் சேர மாட்டாங்க, கூட்டமே செல்லாது."

அதை நான் இயக்குநரிடமே கேட்டேன். அவர் என் தோளில் கை போட்டார். "செங்கோடன், உங்கள் உரிமையைப் பாதுகாக்கத்தான் இத்தனை விதி. இந்த விதிகளை எழுத எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின. உங்களை யாரும் உங்கள் விருப்பத்துக்கு மாறாக வெளியே அனுப்பிவிட முடியாது."

இரண்டாவது படம் தொடங்கியது. ஒரு ஊரில் எல்லோருடைய வேலையையும் இயந்திர மனிதர்கள் செய்தார்கள். ஒரு நாள் ஓர் இயந்திர மனிதன் லீவு கேட்டான். கொடுக்கவில்லை. அவனைப் பிரித்துப்போட்டார்கள். லீவு இல்லை என்றவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு ரைட்டர் ஞாபகம் வந்தது. படம் நடுவில் ஜன்னல் பக்கம் ஏதோ தட்டுகிற சத்தம். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மாதம்மாள் நின்றாள். முழங்கை வரைக்கும் கொழகொழப்பு.

"ஏனுங்க! ஊட்டுல இருக்கற டி.வி.ல ஒரு படம் பாக்க வாங்கன்னா இடுப்பு வலிங்கறீங்க. இங்க வந்து காலைலருந்து குத்த வெச்சிருக்கறீங்களே, சாவி எங்கீங்க?"

"சாவிய கட்டி முத்திரை வெச்சுட்டாங்க. நீ ஸ்பேனர் போட்டுத் திருகிப் பாத்தியா?"

"பாக்காம இருப்பனா? வழுக்குது. கீழ குடத்துல மொண்டு ஊத்தலாம்னா தொட்டிக்கு எந்த மூலைக்குக் காணும்? இந்தாங்க, மொதல்ல இதைப் பாருங்க."

கம்பிக்குள் கையை விட்டு ஒரு பிடி கொட்டையை என் உள்ளங்கையில் வைத்தாள். கசக்கினேன். ஈர ஜல்லி மாதிரி கறகறத்தது. வந்துவிட்டது. இந்த நிமிஷம் தண்ணீர் பாய வேண்டும். நிமிர்ந்தேன். படத்தை நிறுத்தியிருந்தார்கள். எண்பது பேரும் என் கையைச் சுற்றி நின்றார்கள்.

"இது என்ன சடங்கு?" என்று கேட்டார் சசிரேகா.

"சடங்கு இல்லீங்கம்மா. காப்பி. இப்ப கழுவுலீன்னா புளிச்சுப் போயிரும்ங்க. அந்தச் சாவியக் குடுங்க, போதும்."

சசிரேகா கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டீர்களா? உரிய நேரத்தில் கழுவப்படாத சமூகம் புளித்துப்போகும். அதைத் திறக்கும் சாவி அதிகாரத்தின் அலமாரியில் இருக்கிறது. நான் முப்பது ஆண்டுகளாகத் தேடிய கோட்பாடு. புளிப்புக் கோட்பாடு."

"சாவி என்பது குறியீடு" என்றார் ஸ்தனிஸ்லாஸ். அவர்கள் இருவரும் அன்றைக்கு ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

"குறியீடெல்லாம் இல்லீங்க. இரும்பு. இந்த நீளம் இருக்குமுங்க" என்று கையால் காட்டினேன். அந்த அளவையும் எழுதிக்கொண்டார்கள்.

மாதம்மாள் ஜன்னலில் அடித்தாள். "ஏனுங்க தொரைங்களே, எங்கூட்டுக்காரரு பேசறது தமிழ்தானுங்க. எழுதறத உட்டுப்போட்டுக் கொஞ்சம் காது குடுத்துக் கேட்டீங்கன்னா நொம்ப நல்லாருக்கும்."

அந்தக் குரலைக் கேட்டதும் ஸ்டெஃபிக்கு ஒரு யோசனை வந்தது. மக்கள் பிரதிநிதியாக என் இடத்தில் மாதம்மாளைப் போட்டுவிட்டால் குழு கூடலாம், நான் விலகலாம், பையையும் திறக்கலாம். இயக்குநர் தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. கதவைத் திறந்து மாதம்மாளை உள்ளே விட்டார்கள். திறந்த கதவைப் பார்த்து ஓர் எட்டு வைத்தேன். அதற்குள் பூட்டிவிட்டார்கள்.

"ஒரே ஒரு நடைமுறை" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "பதினொன்றாம் பக்கம், அடிக்குறிப்பு. குழு உறுப்பினர் எந்த நிகழ்வு பற்றி முடிவெடுக்கிறாரோ அந்த நிகழ்வை முழுமையாகப் பார்த்திருக்க வேண்டும். மூன்று படங்கள். இல்லையென்றால் அம்மாவின் முடிவு அறியாமையில் எடுத்த முடிவாகிவிடும். உழைக்கும் பெண்ணை அப்படி அவமதிக்க என்னால் முடியாது."

சேலை கட்டியிருந்த மாதம்மாளுக்கு அட்டையை எங்கே குத்துவது என்று கொஞ்ச நேரம் யோசித்து, முந்தானையில் குத்தினார்கள். 'பார்வையாளர் எண் 2'. முதல் படத்தை முதலிலிருந்து போட்டார்கள்.

மறுபடி அந்த விண்கலம் புறப்பட்டது. மாதம்மாள் கையைக் கழுவத் தண்ணீர் கேட்டாள். படம் முடியட்டும் என்றார்கள். கொழகொழத்த கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அடித்தட்டு ஆட்கள் வந்தபோது, "இவங்களுக்கெல்லாம் ஊடு வாசல் இல்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். "கலத்துலயே லைன் ஊடு இருக்கும்" என்றேன். எனக்குத் திரை தெரியவில்லை. தொட்டிதான் தெரிந்தது. ஓரத்தில் நுரை கட்டுவதும் நிறம் மாறுவதும் ஒவ்வொரு நிமிஷமாகத் தெரிந்தது.

மூன்றாவது படமும் முடிந்து, குழு கூடி, ஒருமனதாகச் சம்மதித்து, அரக்கை உடைத்தபோது மணி ஏழே முக்கால். இருவரும் ஓடினோம். கொட்டகைக்கு நூறு எட்டு முன்னாலேயே வாடை வந்துவிட்டது. மாதம்மாள் நின்றுவிட்டாள். நான் போய் வால்வைத் திறந்தேன். தண்ணீர் நன்றாக வந்தது. கழுவினேன். கழுவி என்ன? ரைட்டர் டார்ச் லைட்டோடு வந்து, "நான் ஒரு மணி நேரம்னு சொல்லித்தானே அனுப்புனேன்" என்றார்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார், மோந்தார், மூடினார். மற்ற ஐந்து பேரில் மூன்று பேர் கிளியூர்ப் பக்கம் கூலிக்குப் போனார்கள், இரண்டு பேர் சேலத்தில் துணிக்கடையில். எங்களைப் பழம் காய வைக்கிற களத்துக்கு மாற்றினார்கள். லைன் வீட்டை அடுத்த பழப் பறிப்பு வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

எட்டு மாதம் கழித்து ஒரு புத்தகம் தபாலில் வந்தது. 'புளிப்புக் கோட்பாடு'. எழுதியவர்கள் ஸ்தனிஸ்லாஸ், சசிரேகா. அட்டையில் நான் எழுந்து நிற்கிற படம். விரல் வைத்துத் தேடியதில் என் பெயரும் ஓர் இடத்தில் அகப்பட்டது. சின்ன எழுத்தில் 'பா. 1' என்று. முன்னுரையின் முதல் வரியில் இப்படி இருந்தது: 'உழைப்பவரின் குரலைக் குறுக்கிடாமல் கேட்பதே எம் முறையியல்.'

அடுத்த தையில் மையம் திரும்ப வந்தது. இந்த முறை பங்களாவை எடுக்கவில்லை. மூடிக் கிடந்த பல்பர் கொட்டகையையே நிரந்தரமாக எடுத்து, 'மறைந்துபோன உழைப்பின் அரங்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காப்பி ஊறின பெரிய தொட்டியில் படிப்படியாகப் பலகை அடித்து எண்பது பேருக்கு இருக்கை. தொட்டியின் தலைமாட்டில் திரை. நுழைவாசலில் பூட்டுப் போட்ட கண்ணாடிப் பெட்டி, அதற்குள் சிவப்பு வெல்வெட்டில் என் வால்வுச் சாவி. கொட்டகையோடு சேர்ந்த சாமான் என்று முதலாளி எடுத்துக் கொடுத்துவிட்டார். கீழே பலகையில் 'குறியீடு' என்று எழுதியிருந்தது.

எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். அட்டைகளைப் பத்திரமாக வைத்திருந்து மறுபடி குத்தினார்கள். ஸ்தனிஸ்லாஸ் தழுதழுத்த குரலில் பேசினார். "அறிஞர்களே! ஒரு காலத்தில் இங்கே மனிதர்கள் உழைத்தார்கள். அவர்கள் எங்கே போனார்கள்? இந்த மௌனத்துக்கு யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு விடை காணும்வரை நமக்கு மானியம் நீடிக்கப்பட்டிருக்கிறது."

"நான் இங்கதானுங்க இருக்கறேன்" என்று மாதம்மாள் என் காதில் சொன்னாள்.

மத்தியானம் வாழை இலையில் சாப்பாடு. ஊர்ச் சாப்பாட்டைக் கையால்தான் சாப்பிட வேண்டும் என்று சசிரேகா சொல்லிவிட்டதால் கரண்டி வைக்கவில்லை. எண்பது பேரும் குழைத்து அடித்தார்கள். கை கழுவப் போய்க் குழாயைத் திருகினால் தண்ணீர் இல்லை. புதுசாகப் போட்ட குழாய், புதுசாகக் கட்டின கக்கூஸ், எல்லாம் அந்த வால்விலிருந்துதான். வால்வு ஒரு வருஷமாகச் சாத்திக் கிடக்கிறது.

ஸ்தனிஸ்லாஸ் கையைத் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் வந்தார். "செங்கோடன், வால்வைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்."

"சாவி வேணுமுங்களே."

அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். ஸ்டெஃபியைப் பார்த்தார். ஸ்டெஃபி படிவத்தைப் புரட்டியது. அதன் உதடு லேசாகத் துடித்தது. "காட்சிப்பொருளைத் திறக்க நன்னெறிக் குழு ஒருமனதா சம்மதிக்கணும் சார். உறுப்பினர்கள் நீங்க, மேடம், அப்புறம் மாதம்மாள் அம்மா. போன வருஷம் மாத்தினது அப்படியே இருக்கு."

எண்பது பேரும் திரும்பி மாதம்மாளைப் பார்த்தார்கள். சிலர் கால் மாற்றிக் கால் நின்றார்கள். அவள் முந்தானையில் குத்தியிருந்த அட்டையை நேராக்கிக்கொண்டாள்.

"சம்மதிக்கறதுக்கு என்னுங்க, தாராளமா சம்மதிக்கறேன். ஆனா இந்த வருசத்துப் படத்தை நான் இன்னும் பாக்குலீங்களே. பாக்காம ஒண்ணைச் சொன்னா அது அறியாமைல சொன்னதா ஆயிருமுங்க. எத்தனை படமுங்க?"

"நான்கு" என்றார் ஸ்தனிஸ்லாஸ், சத்தமே வராமல்.

மாதம்மாள் தொட்டிக்குள் இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கி வந்து, குழம்பு காய்ந்த கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார்கள். வெளிச்சம் வந்தால் தரவு கெட்டுவிடும் என்று வழக்கம்போல் கதவைப் பூட்டினார்கள். திரையில் ஒரு விண்கலம் புறப்பட்டது.

இந்த முறை நான் எழுந்து நிற்கவில்லை.